ஹானாவின் பெட்டி

போயா தினத்தில் நஸீமாவின் தையல் கடைக்கு விடுமுறை.
தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில்,
வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டு
மேசையைச் சுற்றி ஐந்து பேர்,
நடுவில் ஒரு புத்தகம்.
துரைமார் கிளப்பில் பழசை எடைக்குப் போட்டபோது
அருள்சீலன் மீட்டுவந்தது.
விக்டோரியா ராணி காலத்து அச்சு.
முதல் அட்டையில் நுழைந்த பூச்சி
கடைசி அட்டைவரை சுரங்கம் வெட்டியிருந்தது.
எங்களுக்கு முன்பே வாசித்து முடித்தது
அது ஒன்றுதான்.

மாதம் ஒரு அத்தியாயம்.
முன்னால் புரட்டக்கூடாது; அதுவே சட்டம்.
நான் ஆங்கிலத்தில் ஒரு வரி பார்த்துத்
தமிழில் ஒரு வரி சொல்வேன்.
'வரவேற்பறை' என்று தொடங்கியது
மூன்றாம் மாதம் 'முன்ரூம்' ஆயிற்று.
பிரபுவின் மனைவியை எல்லோரும்
'அந்தப் பொம்பள' என்றார்கள்.

அவளுடைய முத்துச்சரம் காணாமல் போன இரவில்
வீட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர்.
ஆளுக்கொரு துண்டுச்சீட்டில்
கள்ளனின் பெயர் எழுதி மடித்து
ஐந்நூறு ரூபாயோடு பொத்தான் டப்பாவில் போட்டோம்.

ஏழாம் அத்தியாயத்தில் எல்லோரும் தேநீர் குடித்தார்கள்.
"நம்ம கொழுந்துதான்!" என்றாள் நஸீமா.
அருள்சீலன், தொழிற்சாலைக்காரன்,
அச்சிட்ட ஆண்டைத் திருப்பிப் பார்த்தான்.
"அப்ப இந்த மலை பூராவும் கோப்பி.
அவங்க குடிச்சது சீனத்துத் தேயிலை."
கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சில்லை,
கல்யாணத்துக்கு அழைக்க மறந்த வீட்டைப் போல.

பதினொன்றில்
வேலைக்காரி ஹானாவின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
பாதி மெழுகுவர்த்தி, ஒரு நாடா,
அம்மாவுக்கு எழுதி அனுப்பாத கடிதம்.
நான் அடுத்த வரிக்குப் போகுமுன்
புஷ்பகாந்தி சொன்னாள்:
"பாவாட மடிப்பையும் உதறிப் பாத்திருப்பாங்க.
எழுதினவருக்கு அது தெரியாது போல."

கொழும்பில், பம்பலப்பிட்டியில், ஒரு வீட்டில்
பதினான்கு வயதிலிருந்து மூன்று வருடம்.
எங்களுக்கு அன்றுதான் தெரியும்.
"என்ன காணாமப் போச்சு?" மோசஸ் கேட்டார்.
"ஐயாவோட கைக்கடிகாரம்.
அவர் கோல்ஃப் பையிலதான் கெடந்துச்சு.
அதுக்கு அத்தியாயம் ஒண்ணும் யாரும் எழுதல."
ஊசிப்பெட்டியை இழுத்து
சிவப்பு வேறு வெள்ளை வேறாக
குண்டூசிகளைப் பிரிக்கத் தொடங்கினாள்.
"நீங்க வாசிங்க."

மோசஸ் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர்.
அட்டை ஒட்டித் தருகிறேன் என்று
அந்த மாதம் புத்தகத்தைக் கொண்டுபோனார்.
திரும்பி வந்தபோது அட்டை உறுதியாக இருந்தது,
அவர்தான் தளர்ந்துபோயிருந்தார்.
"நல்ல கதையில்ல. வேற ஒண்ணு எடுப்போமே."
மழை என்றார். முழங்கால் என்றார்.
எப்போதும் முதல் ஆளாய்ச் சந்தேகப்படுகிறவர்
இப்போது எவர்மீதும் சந்தேகப்படவில்லை.
சட்டம் மீறியவனை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசி அத்தியாயம், வெசாக் போயா.
கீழே தெருவில் கூடுகள் எரிந்தன.
லண்டனிலிருந்து வந்த துப்பறிபவர்
தோட்டக் கிணற்று வாளியின் இரட்டை அடியைத் தட்டினார்.
முத்துச்சரம்.
வைத்தவள் ஹானா.

வாசித்த வாய் மூடாமல் நான் நின்றேன்.
மோசஸ் ஜன்னலைப் பார்த்தார்.
அருள்சீலன், எழுதினவன் முட்டாள் என்றான்.
புஷ்பகாந்திதான் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள்.
நாலு சீட்டில் நாலு பிரபுக்கள்.
ஐந்தாவதில், இரண்டு வருடத்துக்கு முன்
குண்டு குண்டாக எழுதிய எழுத்தில்: ஹானா.

"எடுத்தாத்தான் என்ன?" என்றாள்.
"சம்பளம் எவ்வளவுன்னு எந்தப் பக்கத்திலயாவது இருந்துச்சா?
ஆனா கெட்டிக்காரி.
மொதல்ல தேடுற எடத்தில
எவளாவது ஒளிப்பாளா?"

பணத்தை எச்சில் தொட்டு எண்ணினாள்.
இரண்டாயிரத்து ஐந்நூறு.
நாங்கள் சிரித்தோமா இல்லையா
எனக்கு இப்போதும் உறுதியில்லை.
ரோல்ஸும் பிளேன்டியும் வாங்கப் படியிறங்கியவள்
பாதியில் நின்று மேலே பார்த்துக் கேட்டாள்:
"தூக்கில போட்டாங்களா அவள?"

இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது.
"வா," என்றேன், "வந்தபிறகு வாசிப்போம்."
மோசஸ் தொப்பியைக் கையிலெடுத்து
மறுபடி வைத்தார்.